சிவப்புப் பொத்தானுக்கு மேலே

அவருக்கு வீட்டில் ஒரு பட்டப்பெயர், ஆபீஸில் ஒரு பட்டப்பெயர். இரண்டும் ‘அடுக்கு’தான். இதில் எது முந்தியது என்பதை மட்டும் அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. மற்றபடி அவர் பிழைப்பே அதுதான். நிலவியல் துறையில் வேலை பார்த்த காலம் முழுக்க மலை மலையாக ஏறி, எந்தப் பாறை அடுக்கு முன்னாடி வந்தது, எது பின்னாடி வந்தது என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவர். “அவ்வளவுதானா வேலை?” என்று யாராவது கேட்டால், “அவ்வளவுதான். ஆனா பாறை தானா வாயைத் திறக்காது, கிள்ளணும்” என்பார்.

பாறை வாயைத் திறக்காத குறையை அவர் தீர்த்துவைப்பார். வாயைத் திறந்தால் பாதி புளுகு. ஒரு பள்ளத்தாக்கில் மலை முழுக்கக் குப்புறக் கவிழ்ந்து கிடந்ததாம். பழைய பாறை மேலே, புதுப் பாறை கீழே. அங்கே எதிரொலி முதலில் வருமாம், அப்புறம்தான் நாம் கூப்பிட வேண்டுமாம். எதிரொலி வந்த பிறகும் கூப்பிடாமல் இருந்தால் மலைக்கு மனசு கஷ்டமாகிவிடும் என்பதால் எல்லோரும் மரியாதைக்குக் கூப்பிட்டுவிட்டு வருவார்களாம். முகாம் சமையல்காரர் அங்கே தேநீரைக் கொடுத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாராம். இதையெல்லாம் புருவம் கூட அசையாமல் சொல்வார். இதில் மலை கவிழ்ந்து கிடந்தது மட்டும் நிஜம். அதைச் சொன்னால்தான் யாரும் நம்புவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் புளுகியதே கிடையாது. எது முன்னாடி, எது பின்னாடி என்று ஒரு அடுக்கைப் பார்த்துச் சொல்லிவிட்டால் அது சொன்னதுதான். ஆனால் அவருடைய அக்கா அந்த வித்தியாசம் எல்லாம் பார்ப்பதில்லை. “அவன் சொல்றதுல ‘அக்கா’ங்கிற ஒரு வார்த்தைதான் உண்மை” என்பார்.

அந்த அக்கா இப்போது வாசல்படியில் ஒரு காலை வைத்து, மறு காலைத் தெருவிலேயே விட்டுவிட்டு நின்றிருந்தார்.

அவர்களுடைய அப்பாவின் வீடு அது. மேலே வீடு, கீழே தையல்கடை, கடைக்கும் கீழே ஒரு நிலவறை. விற்றாயிற்று. அக்காவும் தம்பியும் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக அங்கேதான் வந்திருந்தார்கள். வாங்கியவருக்கு நிலவறை பிடிக்கவில்லை. பின்தெருவை ஒட்டி ஆறு ஓடுவதால் வெள்ளம் வந்தால் முதல் விருந்தாளி நிலவறைக்குத்தான். அதைக் கான்கிரீட் ஊற்றி மூடிவிடப்போகிறார். திங்கட்கிழமை காலையில் லாரி வரும்.

“உள்ள வாக்கா.”

“கையெழுத்து போட்டாச்சுல்ல. அப்புறம் உள்ள எதுக்கு?”

“உன் மிஷின் கீழ இருக்கு.”

“இருக்கட்டும். அந்த மனுஷன் எறிஞ்சதுதானே. எறிஞ்ச இடத்துலயே கிடக்கட்டும்.”

அந்த மனுஷன் என்றால் அப்பா. ஐம்பது வருஷமாக அக்காவின் வாயில் அப்பாவுக்கு அந்தப் பெயர்தான். அதற்கு முந்தி ‘அப்பா’, அதற்கும் முந்தி மழலையில் ‘ப்பா’. அடுக்கு மனதுக்குள் அதையும் கீழிருந்து மேலாக அடுக்கித்தான் வைத்திருந்தார்.

கதை சின்னதுதான். அக்காவுக்குத் தைக்கக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. பன்னிரண்டு வயதில் அவளுக்கென்று ஒரு கைமிஷின் வாங்கிப் போட்டார். கறுப்பு இரும்பு, தங்க நிறத்தில் கொடி போட்டது, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். எட்டு வருஷம் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தார்கள். எதிர்க்கடையில் ஒருவர் கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். பழுதே ஆகாத ஒரு கடிகாரத்தை அக்கா அடிக்கடி பழுதுபார்க்கக் கொண்டுபோனதை அப்பா கவனிக்கவில்லை. ஒருநாள் கவனித்தார். “போறதுன்னா போ. உன் மிஷின் என் கடையில இருக்காது” என்றார். அக்கா போய்விட்டார். தெருமுனை திரும்பும் முன்பே கடைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டதாம். கனமான இரும்பு உயரத்திலிருந்து விழுந்த சத்தம்.

அந்தச் சத்தத்தைத்தான் அக்கா சீதனமாகக் கொண்டுபோனார்.

அடுக்கு அப்போது படிப்புக்காக ஏதோ ஒரு மலையில் சுத்தியலோடு நின்றிருந்தார். விடுமுறைக்கு வந்தபோது அக்கா இல்லை, மிஷின் இருந்த பலகையில் நாலு மூலைத் தடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. கேட்டார். “கீழ இருக்கு” என்றார் அப்பா. அதற்குமேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து சாகும்வரை பெயரவில்லை.

அன்றிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே வழக்கு. எறிந்தார் என்பார் அக்கா. இறக்கி வைத்திருப்பார் என்பார் அடுக்கு. நிலவறைக்கு ஒரு கனமான மரக்கதவு உண்டு, தரையிலேயே மேல்நோக்கித் திறப்பது. அதை விட்டால் விழுகிற சத்தமும் தெருமுனை வரை கேட்கும். “நீ கேட்டது கதவுச் சத்தம்க்கா.” “எனக்கு மரம் எது, இரும்பு எதுன்னு தெரியாதா? நான் என்ன பாறை தட்டவா போனேன்?”

அடுக்குக்கு அது வெறும் வாய்ச்சண்டை இல்லை. தைக்கக் கற்றுக்கொடுத்த அதே கை மிஷினை எறிந்ததா, இறக்கி வைத்ததா? எறிந்திருந்தால் அவர் ஒரு மாதிரி அப்பா. இறக்கி வைத்திருந்தால் வேறு மாதிரி அப்பா. எந்த அப்பாவுக்குப் பிள்ளையாக இத்தனை காலம் இருந்தோம் என்பது திங்கட்கிழமை கான்கிரீட்டுக்கு அடியில் போய்விடும்.

“எறிஞ்சாரா வச்சாரான்னு மண்ணைப் பார்த்துச் சொல்லிடலாம்க்கா” என்றார். “அங்க வெள்ளத்து வண்டல் அடுக்கு அடுக்கா கிடக்கு. என் தொழிலே அதுதான்.”

“நீ சொன்னா நான் நம்பணுமா?”

“நம்ப வேண்டாம். வந்து நீயே பாரு.”

அக்காவின் பின்னால் நின்றிருந்த கடிகாரக்கார மாமா மெதுவாகச் சொன்னார். “பார்த்துட்டுத்தான் வருவோமே. வெயில்ல நிக்கறதுக்கு அதுவாவது குளிர்ச்சியா இருக்கும்.” அவர் எதையும் அவசரமாகச் சொல்லாதவர். சட்டைப் பையில் எப்போதும் பேனா இருக்கவேண்டிய இடத்தில் கண்ணில் செருகும் பூதக்கண்ணாடி இருக்கும்.

அக்கா இன்னொரு காலையும் படியில் வைத்தார்.

கடை இப்போது வெறும் அறை. அப்பாவுக்குப் பின் பல வருஷம் ஒரு செருப்புக்கடைக்காரர் வாடகைக்கு இருந்து அவரும் போய்விட்டார். ஆனால் மரத்தரை அதே தரை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே அதே இடைவெளி. அடுக்குக்கு மூக்கில் அந்தப் பழைய வாசனை வந்து உட்கார்ந்துகொண்டது. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஆவிவிடும் ஈரக் கம்பளி, தையல் சாக்பீஸ், மிஷின் எண்ணெய். சாயங்காலமானால் அப்பா வெட்டுத்துணிக் கூடையை அவர் முன்னால் நகர்த்தி, “இன்னைக்கு யார் துணி முதல்ல வெட்டினது, சொல்லு பார்ப்போம்” என்பார். கூடைக்குள் கைவிட்டு, அடியில் சாம்பல் நிறம், அதன்மேல் கோடு போட்டது, மேலே நீலம் என்று எடுத்து அவர் ஒப்பிப்பார். காலேஜில் வாத்தியார் பெரிய கண்டுபிடிப்பைப்போல “கீழே கிடப்பது மூத்தது” என்று பாடம் நடத்தியபோது அவருக்குக் கொட்டாவி வந்தது. துணிக்கூடையிலேயே பாஸ் பண்ணின பாடம்.

அப்புறம் பொத்தான்கள். கடையில் சிந்துகிற பொத்தான் எல்லாம் பலகை இடுக்கு வழியாக நிலவறைக்குள் போய்விடும். சின்ன வயதில் அக்காவும் தம்பியும் குப்புறப் படுத்து, இடுக்கில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். கீழே இருட்டில் அங்கங்கே மின்னும். மற்ற பிள்ளைகளுக்கு நட்சத்திரம் தலைக்கு மேலே, இவர்களுக்கு மட்டும் தரைக்குக் கீழே.

“சிவப்புப் பட்டன் ஞாபகம் இருக்காக்கா?” என்று கேட்டார் அடுக்கு, மரக்கதவைத் தூக்கியபடி.

“மறக்குமா? எனக்குன்னு நானே தைச்ச கோட்டுக்கு வாங்கினது. கண்ணாடிப் பட்டன். கிளம்பின அன்னிக்குக் காலையில பை கிழிஞ்சு ஒரு கை நிறைய உள்ள போயிடுச்சு. பட்டனே இல்லாத கோட்டைப் போட்டுக்கிட்டுதான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்.”

“குளிர்ல நடுங்கிக்கிட்டே சம்மதம் சொன்னா” என்றார் மாமா. “அது வெட்கம்னு நான் நினைச்சேன்.”

அடுக்கு அந்தப் பொத்தான்களைத்தான் நம்பியிருந்தார். பாறை உலகத்தில் எரிமலை வெடித்தால் ஒரே நாளில் ஊரெல்லாம் சாம்பல் விழும். பிற்காலத்தில் எங்கே தோண்டினாலும் அந்தச் சாம்பல் கோடு தெரியும். அதற்குக் கீழே இருப்பது வெடிப்புக்கு முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. இந்த நிலவறையில் எரிமலை அக்காதான். சாம்பல் அந்தச் சிவப்புப் பொத்தான்.

கீழே இறங்கினார்கள். காற்றுப்போக்குக்காக விட்ட சின்ன ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வெள்ளமும் அந்த வழியாகத்தான் வரும். தரை முழுக்க இறுகிப்போன வண்டல். நடுவில் ஒரு மேடு, மேட்டிலிருந்து மிஷினின் சக்கரம் மட்டும் வெளியே எட்டிப்பார்த்தது. அக்கா அதை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா நடுப்படியில் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தார்.

மூலையில் மண் இன்னும் உயரமாகக் குவிந்திருந்தது. கனமான இடத்தில்தான் சரித்திரம் அதிகம் என்பது அடுக்கின் கொள்கை. அங்கேயே ஆரம்பித்தார். கரணையால் மண்ணைச் செங்குத்தாகச் சீவி, அப்பா சட்டை மார்புக்கு இஸ்திரி போடுவதுபோல, சுவர்போன்ற ஒரு முகத்தை நிமிர்த்தி வழவழப்பாக்கினார்.

“ஒருமுறை இப்படித்தான் தோண்டிக்கிட்டே போனேனா” என்று ஆரம்பித்தார்.

“மறுபக்கம் யாரோ ஒருத்தி சமையலறையில தலை நீட்டினே. அவ டீ வேணுமான்னு கேட்டா. ஆறாவது தடவை கேட்கறேன்.”

“சர்க்கரை போடட்டுமான்னும் கேட்டாக்கா. அதைப் போன தடவை சொல்லல.”

சட்டென்று கரணையை நிறுத்தினார். சீவிய முகத்தில் பொத்தான்கள் தெரிந்தன. அடியில் பிளாஸ்டிக் பொத்தான். அதற்கு மேலே கொம்புப் பொத்தான். எல்லாவற்றுக்கும் மேலே, சிப்பிப் பொத்தான்களோடு சேர்ந்து இரண்டு சிவப்புக் கண்ணாடி.

“அக்கா, சிவப்பு மேல இருக்கு. பிளாஸ்டிக் கீழ இருக்கு.”

“அதனால என்ன?”

“கீழ இருக்கறது முந்தினது. அப்போ நீ கிளம்பறதுக்கு முன்னாடியே கடைக்குப் பிளாஸ்டிக் வந்துடுச்சு.”

“நான் இருந்த வரைக்கும் இந்தக் கடைக்குள்ள பிளாஸ்டிக் பட்டன் நுழைஞ்சதே இல்லை. அந்த மனுஷன் அதைப் பொய்ப்பல்லுன்னு கிண்டல் பண்ணுவாரு. நான் ஒரு பிளாஸ்டிக் பட்டன் கூட இங்க தைக்கல.”

“மண்ணு பொய் சொல்லாதுக்கா. ஞாபகம் சொல்லும். பட்டன் விஷயத்துல உனக்கு ஞாபகம் மாறியிருந்தா, அந்தச் சத்தமும்...”

சொல்லும்போதே அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். கதவுதான், மிஷின் இல்லை. அப்பா தப்பித்தார்.

அக்கா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். சண்டைக்குத் தயாராவதன் அடையாளம் அது. ஆனால் சண்டை போடவில்லை. அதுதான் மோசம்.

“ஆக, நான் பொய் சொல்றேன்.”

“பொய்னு சொல்லல...”

“ஊரெல்லாம் புளுகிட்டுத் திரியறவன் என்னைப் பார்த்துச் சொல்றான். ஏங்க, எந்திரிங்க, போகலாம்” என்று படியில் கால் வைத்தார்.

மாமா எழுந்தார், ஆனால் மேலே போகவில்லை. பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு இறங்கிவந்து, அந்த முகத்தைக் கடிகாரத்தின் உள்ளே பார்ப்பதுபோல மூக்கு படப் பார்த்தார்.

“மாப்ள, வெள்ளம் வந்து படிஞ்ச மண்ணு எப்படி இருக்கும்?”

“கரடுமுரடான மணல் அடியில, நைசான களிமண் மேல. கனமானது முதல்ல இறங்கும், லேசானது நிதானமா உட்காரும். காய்ஞ்சா மேல அப்பளம் மாதிரி வெடிக்கும்.”

“இங்க அப்பளமெல்லாம் செங்குத்தா நிக்குதே.”

அடுக்கு பார்த்தார். களிமண் வெடிப்புத் துண்டுகள் ஒன்று தலைகீழாக, ஒன்று சாய்வாக, ஒன்று நட்டுக்கொண்டு. மணலும் களிமண்ணும் உறவுமுறை பார்க்காமல் கலந்து கிடந்தன. வெள்ளம் இப்படி வைக்காது. இது படிந்த மண்ணே இல்லை. யாரோ மண்வெட்டியால் வாரிக் கொட்டிய மண். குழி தோண்டும்போது மேல்மண்தான் முதலில் வெளியே வரும், குவியலில் அது அடிக்குப் போகும். ஆழத்து மண் கடைசியில் வரும், உச்சியில் உட்காரும். பழசு மேலே, புதுசு கீழே. கவிழ்ந்த மலை.

கவிழ்ந்த மலையைப் பற்றி ஊருக்கெல்லாம் கதை சொன்ன ஆள், அப்பா வீட்டு மூலையில் கிடந்த குப்பைமேட்டை நேர் மலை என்று நினைத்துவிட்டார். முதல் வருஷப் பிள்ளைகள் செய்கிற தப்பு. அதைச் செய்தவனைத் தேநீர் வேளையில் எல்லோரும் சேர்ந்து கிண்டலடித்தே கொன்றுவிடுவார்கள்.

“அக்கா, நீ சொன்னதுதான் சரி. பிளாஸ்டிக் பிந்தினதுதான். நான் பார்த்தது கொட்டின மண்ணு.”

“இதுக்குச் சம்பளம் வேற கொடுத்தாங்க” என்றார் அக்கா. ஆனால் படியிலிருந்து இறங்கிவிட்டார்.

“எனக்கு ஒண்ணுதான் புரியல” என்றார் மாமா. “கொட்டினாங்கன்னா எங்கேயோ தோண்டியிருக்கணும். எங்க?”

மூன்று பேரும் ஒரே சமயத்தில் அந்தச் சக்கரத்தைப் பார்த்தார்கள்.

இந்த முறை அடுக்கு கதை சொல்லவில்லை. மிஷின் மேட்டின் ஒரு பக்கத்தை மேலிருந்து தரைவரை நிதானமாகச் சீவினார். சீவச்சீவ அக்கா பக்கத்தில் வந்து குந்தினார். பிறகு தம்பியின் கரணையைத் தட்டிவிட்டு, “இப்படி இழுத்தா கோடு கலையுது, இப்படி இழு” என்று திருத்தினார். துணியில் நூலோட்டம் பார்த்துப் பழகின கண்.

முகம் தெளிந்தபோது அடுக்கு அடியிலிருந்து வாசித்தார். தரைக்கல். அதன்மேல் பழைய வண்டல், அதில் சிப்பிப் பொத்தான். அந்த வண்டலின் மேல்தளத்தில், நேர்கோடு பிடித்ததுபோல, சிவப்பு, சிவப்பு, சிவப்பு. அக்கா ஒன்றைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

“இது நீ கிளம்பின அன்னிக்குத் தரை” என்றார் அடுக்கு.

அந்தத் தரையில், மிஷினுக்கு நேர் கீழே, கோடுகள் நேராக இல்லை. மெத்தையில் கனமான ஆள் உட்கார்ந்ததுபோல வண்டல் கோடுகள் கீழ்நோக்கி வளைந்து நசுங்கியிருந்தன. ஒரு ஓரத்தில் மட்டும் ஆழமாக. இரண்டு சிவப்புப் பொத்தான் நொறுங்கி அந்தப் பள்ளத்துக்குள் போயிருந்தன. மெதுவாக வைத்த பொருள் நாலு காலாலும் ஒரே மாதிரிதான் அழுத்தும். ஒரு மூலையால் குத்தி, அடுக்கை வளைத்து, பொத்தானை நொறுக்கியிருந்தால் அது மேலிருந்து விழுந்ததுதான். பனிக்கட்டியில் மிதந்துபோகும் கல் கடலடிச் சேற்றில் விழுந்தால் இதே வளைவுதான் விழும். அவர் எத்தனையோ முறை அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

இப்போது கரணையைக் கீழே வைத்தார்.

“சொல்லு” என்றார் அக்கா.

“எறிஞ்சிருக்காரு.”

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். ஐம்பது வருஷ வழக்கில் ஜெயித்தவர் முகம் மாதிரி அது இல்லை. மாமா கைக்குட்டையை எடுத்து, வியர்க்காத நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“ஆனா இங்கேயே முடியலக்கா.”

“இன்னும் என்ன?”

சிவப்புப் பொத்தானுக்கு மேலே ஒரு வெள்ளத்து வண்டல், கொம்புப் பொத்தான்களோடு. அதற்கும் மேலே இன்னொரு வெள்ளம், அதன் முதுகில் பிளாஸ்டிக். இரண்டும் ஓடிவந்து, மிஷினுக்கு ஒரு முழம் முன்னால் கத்தரிக்கோல் வைத்ததுபோல வெட்டுப்பட்டு நின்றன. அந்த வெட்டு மேலிருந்து கீழே இறங்கி, நசுங்கின பள்ளம்வரை போயிருந்தது.

“ஒரு அடுக்கை ஒண்ணு வெட்டியிருந்தா, வெட்டினது பிந்தினதுதான். இல்லாத துணியை வெட்ட முடியாதில்ல? எறிஞ்சாரு. முதல் வெள்ளம் வந்துச்சு, விட்டுட்டாரு. ரெண்டாவது வெள்ளம் வந்துச்சு, மிஷின் மண்ணுக்குள்ள போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் இந்தக் குழி. அந்த மூலையில கொட்டினது இந்தக் குழி மண்ணுதான்.”

“யார் தோண்டினது?”

“நிலவறைச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

அக்கா குழிக்குள் என்ன என்று பார்க்கக் குனிந்தார். அடியில் செங்கல், பக்கம் பக்கமாக வைத்த ஒரு வரிசை. செங்கல் ஓரத்தில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல், மணல் கீழே, களிமண் மேலே, ஒழுங்காகப் படிந்தது. அந்த வண்டல் மேல் இன்னொரு வரிசை செங்கல். அதன்மேல் வண்டல். அதன்மேல் செங்கல். இப்படியே மேலே மேலே போனது. ஒவ்வொரு வண்டலிலும் கடைப் பொத்தான்கள். உச்சி வரிசைமேல் மிஷின், நாலு காலும் சமமாக. அதைச் சக்கரம்வரை மூடியிருந்த கடைசி வண்டலில் மட்டும் பொத்தானே இல்லை. செருப்புக்குக் கயிறு கோக்கும் பித்தளை வளையங்கள் இருந்தன.

அதை வாசிக்க நிலவியல் தேவைப்படவில்லை. அக்கா தானாகவே வாசித்தார். விரலை அடிச்செங்கலில் வைத்து ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார்.

“ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தூக்கி வச்சிருக்காரு.”

“ஆமா. தண்ணி வடிஞ்சதும் இறங்கி வந்து, மிஷினைத் தூக்கி, இன்னொரு வரிசை வச்சு, மறுபடி மேல. செருப்புக்கடை வர்ற வரைக்கும்.”

“மேல கொண்டுபோக வேண்டியதுதானே?”

“கடையில இருக்காதுன்னு சொல்லிட்டாரே” என்றார் மாமா. “இது கடை இல்லையே. கடைக்குக் கீழ.”

அக்கா அந்தச் செங்கல் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

“எறிஞ்சதுக்கும் தோண்டினதுக்கும் நடுவுல எத்தனை நாள்?”

அடுக்குக்கு நாக்கு அரித்தது. ஆற்றுக்கு ஒரு ஒழுங்கு கிடையாது. ஒரே மழைக்காலத்தில் இரண்டு முறையும் வரும், பத்து வருஷம் எட்டிப்பார்க்காமலும் இருக்கும். இரண்டு வெள்ளத்துக்கு நடுவே எவ்வளவு காலம் என்று அந்த மண்ணில் எங்கேயும் இல்லை. ஒரே மழைக்காலம்தான், மாசம் முடியறதுக்குள்ள மனசு மாறிட்டாரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதைவிடப் பெரிய புளுகெல்லாம் எத்தனையோ புளுகியாயிற்று. எதிரொலியை முதலில் வரவழைத்தவருக்கு ஒரு அப்பாவைச் சீக்கிரம் வரவழைப்பது கஷ்டமா?

“தெரியாதுக்கா.”

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“உனக்கு அந்த வார்த்தை தெரியுமா?”

“முன்னாடி எறிஞ்சாரு, பின்னாடி எடுத்தாரு. அது மட்டும்தான் தெரியும். நடுவுல உள்ளது ஒரு மாசமா இருக்கலாம், பத்து வருஷமா இருக்கலாம்.”

“மணி பார்க்கிற எனக்கே தெரியல” என்றார் மாமா.

இத்தனை காலத்தில் முதல்முறையாக அக்கா தம்பி சொன்னதை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார். ஆனால் அவருக்குக் கோபம் தணியவில்லை. இடம்தான் மாறியது. எழுந்து நின்று, யாரையும் பார்க்காமல் பேசினார்.

“இத்தனை தடவை படி இறங்கி வரத் தெரிஞ்சிருக்கு. இந்தக் கனத்தைத் தனியாளாத் தூக்கத் தெரிஞ்சிருக்கு. நான் எங்க இருந்தேன்? ரெண்டு தெரு தள்ளி. ரெண்டு தெரு நடந்து வரத் தெரியல.”

“அங்கேருந்து இங்க வர்றதுக்கும் ரெண்டு தெருதான்” என்றார் மாமா, யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

அக்கா அவரை முறைத்தார். ஆனால் அந்த முறைப்பு பாதியிலேயே தளர்ந்துவிட்டது.  மேலே தெருவில் ஒரு வண்டி போனது, பலகை இடுக்கிலிருந்து தூசி இறங்கியது.

“மிஷினை எடுத்துடலாம்க்கா. நானும் மாமாவும் தூக்கிடுவோம்.”

“மிஷின் யாருக்கு வேணும்? துருப்பிடிச்சு ஊசிக்கம்பியே அசையாது.” அக்கா செங்கல் வரிசையைக் காட்டினார். “அதை எடு. அப்படியே. ஒரு வண்டல் கலையக்கூடாது, ஒரு செங்கல் நகரக்கூடாது. உன்னால முடியுமா, இல்ல அதுவும் வாய்ப்பந்தலா?”

அடுக்குக்கு முதுகு நிமிர்ந்தது. முடியும். மண்ணோடு மண்ணாக நொறுங்கும் எலும்பை மலையிலிருந்து இறக்குவதற்கு ஒரு வழி உண்டு. ஈரக் காகிதம் சுற்றி, அதன்மேல் கோணித்துணியை இறுக்கிக் கட்டி, உடைந்த காலுக்குப் போடுவதுபோல மாவுக்கட்டுப் போட்டுவிட வேண்டும். காய்ந்ததும் கல்லாகிவிடும். சொன்னார். “கோணி மட்டும் உடம்போட ஒட்டி இருக்கணும்க்கா. தொளதொளன்னு இருந்தா மண்ணு உதிர்ந்திடும்.”

“தொளதொளன்னு நான் எப்போடா தைச்சிருக்கேன்?”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா கோணி ஊசியும் சணலும் கொண்டு இறங்கினார். ஆண்கள் இருவரும் மிஷினைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். அடுக்கு அந்தச் செங்கல் தூணைச் சுற்றி மண்ணை வெட்டிப் பிரித்து, ஈரக் காகிதம் ஒட்டிக்கொடுத்தார். அக்கா கழுத்திலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துத் தூணின் சுற்றளவைப் பார்த்தார், மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. கோணியை வெட்டினார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தூணோடு சேர்த்துத் தைக்க ஆரம்பித்தார்.

அடியிலிருந்து தொடங்கினார். ஊசி உள்ளே போகும்போது ஒரு திட்டு, வெளியே வரும்போது ஒரு திட்டு. முதலில் முணுமுணுப்பாக இருந்தது, அப்புறம் தெளிவாகக் கேட்டது.

“இடுப்பு வலிக்காரருக்கு இதெல்லாம் தேவையா? விழுந்து தொலைச்சிருந்தா யாரு பார்க்கறது? ஏன்ப்பா, உனக்கு வாய் என்ன வாடகைக்கா இருந்துச்சு? வீம்பு. எனக்கும் அதே வீம்பைத் தைச்சு வச்சுட்டு... என் பொண்ணுக்கு நாலு வயசு வரைக்கும் இந்தத் தெரு வழியாத்தான் கூட்டிட்டுப் போனேன், பார்த்தியாப்பா நீ, பார்த்தியா? திரை மறைவுல நின்னு பார்த்திருப்பே. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

படியில் உட்கார்ந்திருந்த மாமா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அடுக்கு மாவு கரைத்த வாளியோடு நின்றபடி முதல் வரிசைச் செங்கல் கோணிக்குள் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல் இறுக்கமாக, சமமாக, அப்பாவின் தையல் மாதிரியே ஏறிக்கொண்டிருந்தது. சின்ன ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்து நின்றார்.

அக்கா தலை நிமிரவில்லை.

“வெளிச்சத்தை மறைக்காதடா, தள்ளி நில்லு. இப்போதான் ஒரு வெள்ளம் முடிஞ்சிருக்கு. இன்னும் நிறைய இருக்கு அவருக்கு.”